அகலம் பாதி, ஆழம் ரெட்டிப்பு

மோட்டார் காற்று வாங்கத் தொடங்கிவிட்டது. குழாய் வாயில் தண்ணீர் துப்பித் துப்பி விழுந்தது. ஒரு இருமல், ஒரு துப்பல், பிறகு வெறும் சத்தம். முனிலட்சுமி மண்வெட்டியை மடையிலேயே போட்டுவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகியபடி மோட்டார்க் கொட்டகைக்கு ஓடினாள். வெறும் காற்றில் ஓடவிட்டால் மோட்டார் கருகிவிடும். சுவிட்சை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தக்காளிப் பாத்திகளில் மேல்பாதி கறுத்து நனைந்திருந்தது. கீழ்ப்பாதி நேற்றைப் போலவே வெளுத்துக் கிடந்தது. அந்தப் பாதியில் செடிகள் பூவெடுத்த கையோடு பூவை உதிர்த்துக்கொண்டிருந்தன. பிடித்திருந்த காய்கள் கோலிக்குண்டு அளவில் நின்று, அடிப்பக்கம் கறுத்துப்போயிருந்தன.

வரப்புக்கு அந்தப் பக்கம் புருஷனின் அண்ணன், பெரியவர் கரியப்பனின் தோட்டம். அதே அளவு நிலம். அதே நாற்றங்காலில் வாங்கி, அதே நாளில் நட்ட நாற்று. அங்கே நாலைந்து பெண்கள் குனிந்து பழம் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராயக்கோட்டை மண்டிக்கு வண்டி ஏற்றும் நாள். கரியப்பனின் பெண்சாதி சரோஜம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் ஆனேக்கல்லில் பிறந்தவள். கோபமோ கேலியோ வந்தால் கன்னடம் கலந்துவிடும்.

"ஏமே முனிலட்சுமி, அதுக்குள்ள ஆயித்தா, முடிஞ்சுபோச்சா?"

"காத்து வாங்குதுக்கா."

"மடை மாத்தத் தெரியாம அங்கியும் இங்கியும் ஓடிக்கினு இருந்தா? பாரூர் ஏரித் தண்ணின்னு நெனச்சியா, நீ தூங்கினாலும் அதுவா பாயறதுக்கு?"

பழம் பறிக்கிற பெண்கள் சிரித்தார்கள். அதில் ஒருத்தி, வெங்கடம்மாள், "சும்மா இருக்கா, பாவம்" என்றாள். அந்தப் பாவம்தான் முனிலட்சுமிக்கு அதிகம் எரிந்தது.

அவள் பாரூர்க்காரி என்பது உண்மை. ஏரிப்பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் ஊர். ஆனால் அவள் அப்பனுக்கு அங்கே ஒரு சாண் நிலம் கிடையாது. அடுத்தவன் கரும்பை வெட்டி, அடுத்தவன் வயலில் நாற்று நட்டு வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, பாகம் பிரித்து, 'இது உங்க பங்கு' என்று வரப்பைக் காட்டியபோது, அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தாள். புருஷன் திம்மராயனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில், இரும்புக் கம்பி வெட்டும் கட்டிங் செக்‌ஷனில் வேலை. வாரம் ஒரு தடவை வருவான்; சில வாரம் வரமாட்டான்.

பாகம் பிரித்த அன்றே கரியப்பன் கேட்டார்: "தம்பி கம்பெனியில இருக்கான். பொம்பளை நீ ஒருத்தி எப்பிடிம்மா பண்ணுவ? உங்க பங்கையும் நானே ஓட்டிக்கிறேன். விளையறதுல கொடுக்கறதைக் கொடுக்கறேன்."

"ஒரு போகம் எடுத்துக் காட்டறேன் மாமா. முடியலன்னா நீங்களே ஓட்டுங்க, நான் வாயைத் தொறக்க மாட்டேன்" என்றாள் முனிலட்சுமி. எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தை அது. அந்தப் போகம்தான் இப்போது வரப்பு ஓரமாகப் பூ உதிர்த்துக்கொண்டிருந்தது.

கிணறு மட்டும் பிரிபடவில்லை. அது எப்படிப்பட்ட கிணறு என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அந்தப் பக்கத்துப் பழைய கிணறுகள் பலவும் அப்படித்தான். முதலில் அகலமாக, வட்டமாகத் தோண்டினார்கள். வருஷம் போகப் போகத் தண்ணீர் கீழே இறங்கிற்று. அடியில் பாறை. முழு அகலத்துக்கும் வெடி வைத்தால் கட்டுப்படியாகாது என்று, நடுவில் சின்ன வட்டமாக உடைத்துக்கொண்டு கீழே போனார்கள். ஆக, கிணற்றுக்குள் ஒரு கிணறு. இரண்டும் சேருகிற இடத்தில் சுற்றிலும் பாறைத் திட்டு. ராத்திரியெல்லாம் ஊற்றுச் சுரந்து, விடியும்போது உள்கிணறு நிறைந்து, திட்டுக்கு மேலே வெளிக்கிணற்றிலும் கொஞ்சம் தண்ணீர் ஏறி நிற்கும். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அதைத்தான் இரண்டு வீடும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

தை மாதத்தில் பஞ்சாயத்து நடந்தது. ஊர்ப் பெரியவர் சம்பங்கி தாம்புக்கயிற்றோடு வந்தார். வெளிக்கிணற்றின் குறுக்கே கயிறு பிடித்தார்கள். இருபத்திநாலு அடி. ஆளை இறக்கி, உள்கிணற்றின் குறுக்கே பிடித்தார்கள். சம்பங்கி மேலிருந்த கயிற்றை இரண்டாக மடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு விரல்கூடப் பிசகாமல் சரியாகப் பாதி.

"அப்பா, அளந்து வெச்ச மாதிரி இருக்குதே!" என்று கூட்டத்தில் ஒருவர் வியந்தார்.

பிறகு ஆழம். திட்டுக்கு மேலே நின்ற தண்ணீர் ஆறடி. திட்டுக்குக் கீழே, மோட்டார்க் குழாயின் அடிமுனையிலுள்ள புட்வால்வு வரைக்கும் பன்னிரண்டடி. இந்தக் கயிற்றையும் மடித்துப் பார்த்தார் சம்பங்கி. அதுவும் சரியாகப் படிந்தது.

"ஆண்டவனே பாகம் பிரிச்சு வெச்சிருக்கான்டா. உள்கிணறு அகலம் பாதி, ஆழம் ரெட்டிப்பு. ஆக மேல் தண்ணியும் கீழ்த் தண்ணியும் சமம். மூத்தவன் காலையில திட்டு தெரியற வரைக்கும் இறைச்சுக்கட்டும். அதுக்குக் கீழ இருக்கறது சின்னவன் பங்கு. யாருக்காவது மாத்துப் பேச்சு இருக்குதா?"

யாருக்கும் இல்லை. கயிற்றைச் சுருட்டிக் கிணற்று மேட்டில் வைத்து, அதன்மேல் கற்பூரம் ஏற்றினார்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று கையால் அணைத்தார்கள். கற்பூரம் அணைத்த பேச்சை அந்த ஊரில் திருப்பிப் பேசுவதில்லை.

மாசி போய்ப் பங்குனி வந்தபோது முனிலட்சுமிக்குச் சந்தேகம் வந்தது. காலையில் பெரியவர் போட்ட மோட்டார், பெண்கள் களியைக் கிண்டி, தின்று, சட்டி கழுவிக்கொண்டு காட்டுக்கு வருகிற வரைக்கும் ஓடிக்கொண்டேயிருக்கும். மதியம் இவள் போட்டால், மேல்பாதியில் மடை திருப்பி முடிவதற்குள் இருமும். ஒருநாள் மேல்பாதி, ஒருநாள் கீழ்ப்பாதி என்று மாற்றிப் பாய்ச்சினாள். இரண்டு பாதியும் வாடிற்று. பிறகு கீழ்ப்பாதியைக் கைவிட்டு மேல்பாதியையாவது பிழைக்க வைக்கலாம் என்று பார்த்தாள். வாய்க்காலுக்குச் சாணி போட்டு மெழுகினாள். எலி வளை ஒவ்வொன்றையும் மிதித்து அடைத்தாள்.

கரியப்பனிடமே கேட்டாள். அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "அது வோல்டேஜும்மா. காலையில எல்லாத் தோட்டத்துலயும் மோட்டார் போடறாங்க. கரண்டு இழுக்காது, மெதுவா ஓடும். மதியானம் நல்லா இழுக்கும், சீக்கிரம் முடிஞ்சுடும். தண்ணி ஒண்ணுதான். நான் உன் தண்ணியைத் திருடினா எனக்கு நல்ல சாவு வருமா?"

அவர் பொய் சொல்லவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் அவளுக்கு மேற்கொண்டு சண்டை போட வழியில்லை. திம்மராயன் வந்தபோது அவனிடம் அழுதாள். அவன் பாத்திகளைச் சுற்றிப் பார்த்தான். கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. "மண்ணு கொஞ்சம் மணல் சாரி. உனக்கும் மடை கட்டிப் பழக்கம் பத்தல" என்றான்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேழ்வரகு மாவும் கொஞ்சம் பழமும் கட்டிக்கொண்டு முனிலட்சுமி ஓசூருக்குப் பஸ் ஏறினாள். திம்மராயன் இருந்தது வரிசை வீடுகளில் ஒரு அறை. கூரை சிமெண்ட் ஷீட். உள்ளே போனால் தலைமேல் அடுப்பு வைத்தது போலிருக்கும். கூட இருந்தவன் சின்னராஜ், கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், அதே கட்டிங் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்தவன். வந்ததும் வராததுமாக அவள் களி கிண்டி, தக்காளிக் குழம்பு வைத்தாள்.

"மதினி, இந்த உருண்டைய மெல்லணுமா, முழுங்கணுமா? அண்ணாச்சி முழுங்குறதப் பாத்தா எனக்குத் தொண்டை அடைக்கி."

"மென்னா பல்லுல ஒட்டிக்கும் தம்பி. குழம்புல பொரட்டி முழுங்கு."

"முழுங்கியாச்சு. வயித்துல கல்லு விழுந்த மாதிரி இருக்கு. நாளைக்கி ரெண்டு ஷிப்டு பாக்கலாம்." சின்னராஜ் சிரித்துக்கொண்டே கை கழுவினான். "அண்ணாச்சிக்குக் கம்பெனியில என்ன பேரு, தெரியுமா மதினி? தராசு. தராசு திம்மராயன்."

"டேய், சும்மா இருடா" என்றான் திம்மராயன்.

"சொல்லுதேன், இருங்க. புதுசா வாற பயலுவள மொத நாளே மாட்டி விட்டுருவாக மதினி. ஒரு இஞ்சு கம்பி ஒண்ணு, ரெண்டு இஞ்சு கம்பி ஒண்ணு. ரெண்டும் ஒரே நீளம். சின்னது ஒரு கிலோன்னா பெருசு எவ்வளவுலேன்னு கேப்பாக. எல்லாப் பயலும் ரெண்டு கிலோன்னுதான் சொல்லுவான். நானும் சொன்னேன். தராசுல வச்சா நாலு நிக்கி!"

முனிலட்சுமி சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "நாலா?"

"நாலு. அகலம் ரெட்டிச்சா உள்ள இருக்கது நாலாயிரும்லா. உருண்டையா நீளமா எது இருந்தாலும் இதான் கணக்கு, கம்பியோ குழாயோ ட்ரம்மோ. அரை அகலத்த அதாலயே பெருக்கணும். அத இருபத்திரண்டால பெருக்கி ஏழால வகுக்கணும். பெறவு ஒசரத்தால பெருக்கணும். அண்ணாச்சிக்குப் பென்சிலே வேண்டாம், வாயிலயே சொல்லிருவாக. அகலத்த மட்டும் பாத்தா ஏமாந்துருவலேன்னு..."

"சின்னராஜ், கடைக்குப் போய் மோர் வாங்கிட்டு வா" என்றான் திம்மராயன். குரல் வேறு மாதிரி இருந்தது. சின்னராஜ் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு போனான்.

அலமாரியில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. ஒன்று அவள் சீராகக் கொண்டுவந்த பித்தளை லோட்டா, அகலமானது, குட்டையானது. மற்றது திம்மராயன் கம்பெனியில் வீணாய்ப்போன குழாய்த் துண்டுக்கு அடி வைத்து, லேத்தில் கடைந்து செய்த டம்ளர், ஒல்லியாக நெட்டையாக இருக்கும். கல்யாணமான புதிதில் பெருமையாகக் காட்டியது. முனிலட்சுமி மாவு மூட்டை கட்டியிருந்த சணல் கயிற்றை அவிழ்த்தாள். லோட்டாவின் வாய்க்குக் குறுக்கே பிடித்தாள். மடித்து டம்ளர் வாயில் வைத்தாள். சரியாகப் பாதி. டம்ளரின் உயரத்தைப் பிடித்து மடித்து லோட்டா பக்கத்தில் வைத்தாள். அதுவும் ஏறக்குறையப் படிந்தது. அவர்கள் கிணறேதான் அலமாரியில் இரண்டு துண்டாக உட்கார்ந்திருந்தது.

டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு லோட்டாவில் ஊற்றினாள். லோட்டா பாதியில் நின்றது. இன்னொரு டம்ளர் மொண்டு ஊற்றினாள். தண்ணீர் கரையைத் தொட்டு நின்றது.

திம்மராயன் பார்த்துக்கொண்டேயிருந்தான். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. அவன் கேட்காததிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"கயித்தை மடிச்சப்போ நீ எங்க நின்ன?"

"அண்ணன் பக்கத்துல."

"நம்ம தண்ணி அவங்களுதுல பாதிதான்னு தெரியுமா, தெரியாதா?"

அவன் டம்ளரை எடுத்து அலமாரியில் வைத்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். பெரியவருக்கு ரெண்டு பங்கு, நமக்கு ஒரு பங்குன்னு தெரிஞ்சேதான் கற்பூரத்துல கை வெச்சியா?"

"அண்ணன் ஏர்மாட்டை வித்து என்னை ஐ.டி.ஐ.க்கு அனுப்பினாரு முனீ. அத்தனை பேர் முன்னாடி, 'உங்க கணக்கு தப்புண்ணா'ன்னு எந்த வாயால சொல்றது?"

"அன்னிக்கி சொல்ல வேணாம். ஊட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா?"

"எதுக்கு இருக்கணும்? செடி செடியா நின்னு அழுதேனே! மடை கட்டத் தெரியலன்னு அந்தம்மா சிரிச்சா. நீயும்தானே சொன்ன, மணல் சாரின்னு? சாணி கரைச்சு வாய்க்கால மெழுகினேன், பாத்துக்கினு நின்னியே."

திம்மராயன் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "எத்தனை நாளைக்கி நான் இங்க, நீ அங்க? நிலம் நிலம்னு நீ வரவே மாட்டேங்கற. ஒரு போகம் போச்சுன்னா நீயே வந்துடுவன்னு நெனச்சேன்."

அவள் சணல் கயிற்றைச் சுருட்டி முடிச்சுப் போட்டாள். வெளியே குழாயடியில் யாரோ ஒருத்தி தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். சின்னராஜ் மோரைக் கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஊருக்கு வா. சம்பங்கித் தாத்தாவை வெச்சு நீ இதைச் சொல்லணும். மேல்பாதி இன்னும் உசுரோடதான் இருக்குது. தண்ணி கெடைச்சா பொழைக்கும்."

"சரி" என்றான்.

வந்தான். அதில் குறையில்லை. கிணற்று மேட்டுப் புளியமரத்தடியில் சம்பங்கி, கரியப்பன், இன்னும் நாலைந்து பேர் உட்கார்ந்தார்கள். வெயில் தலையைப் பிளந்தது. முனிலட்சுமி லோட்டாவையும் டம்ளரையும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். கயிறு பிடித்துக் காட்டினாள். மொண்டு ஊற்றினாள். ஒரு டம்ளர், லோட்டாவில் பாதி. இரண்டு டம்ளர், முழுசு.

"இந்த டம்ளருதான் எங்க பங்கு. லோட்டாதான் மாமா பங்கு. அகலம் பாதின்னா தண்ணி பாதியில்ல, கால்தான். ஆழம் ரெட்டிச்சா கால் அரையாவுது. அவ்வளவுதான் எங்களுக்கு வருது."

சம்பங்கி குனிந்து லோட்டாவுக்குள் பார்த்தார். தானே ஒரு தடவை ஊற்றிப் பார்த்தார். தாடையைத் தடவிக்கொண்டார். "கயிறு சரியாத்தானே படிஞ்சுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சரோஜம்மாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "அய்யோ பிடு, விட்டுத் தள்ளுங்க! சட்டிபானை வெச்சு விளையாடறாங்க. கற்பூரம் அணைச்சதைக் கலைக்கறதுக்கு இதுவும் ஒரு வித்தையா?"

"நீ சும்மா இரு" என்றார் கரியப்பன். அவர் முகம் கறுத்திருந்தது. லோட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "சம்பங்கியண்ணா, எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தம்பி படிச்சவன். கம்பெனியில இதே வேலைதான் பண்றான்னு சொல்றாங்க. அவன் சொல்லட்டும். ஆமாங்கறதா இருந்தா, கற்பூரமாவது ஒண்ணாவது, நாளையிலிருந்து ரெண்டு பங்கும் சமமாவற அளவுக்கு மேல் தண்ணியை விட்டுடறேன். அவன் பங்கைத் தின்னு நான் எங்க போகப்போறேன்?"

முனிலட்சுமிக்கு நம்ப முடியவில்லை. இத்தனை சுலபமா இது? புருஷனைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

திம்மராயன் அண்ணனைப் பார்த்தான். கற்பூரம் ஏற்றிய இடத்தில் கல் இன்னும் கரிந்திருந்தது. ஆமாம் என்றால், அன்றைக்கே தெரியுமா என்று அடுத்த கேள்வி வரும். தெரிந்து வைத்துக்கொண்டுதான் அண்ணனோடு சேர்ந்து கை வைத்தான் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

"அது... கம்பி வேற, கிணறு வேறண்ணா" என்றான். "கம்பி வழவழன்னு ஒரே வட்டமா இருக்கும். டம்ளரும் அப்பிடித்தான். நம்ம கிணறு பாறை. ஒரு பக்கம் கோணல், ஒரு பக்கம் பொடைப்பு. அதுக்கு அந்தக் கணக்கு வராது."

"வராதா?"

"வராதுங்க."

சம்பங்கி பெருமூச்சு விட்டார். அவர் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. "படிச்சவனே சொல்லிட்டான். அப்புறம் என்ன? முன்ன பேசினது பேசினபடி. எழுந்திருங்கப்பா, வெயில் ஏறுது." போகும்போது முனிலட்சுமி பக்கம் திரும்பி, "நல்ல புத்திதாம்மா உனக்கு. ஆனா கிணத்தைப் பாத்திரத்துல வைக்க முடியாது" என்றார்.

கரியப்பன் எழுந்திருக்க நேரமாயிற்று. தம்பி தோளைத் தட்டிக்கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. தன் மேல் பழி வராமல் தம்பி உண்மையைச் சொல்லிக் காப்பாற்றினான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முனிலட்சுமி லோட்டாவைச் சாய்த்துத் தண்ணீரை ஒரு தக்காளிச் செடியின் அடியில் ஊற்றினாள். மண் உறிஞ்சிக்கொண்டது.

வைகாசிக்குள் மேல்பாதியும் போயிற்று. எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தைப்படி அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கூடைப் பழத்தைக்கூட மண்டிக்கு அனுப்ப முடியாத நிலத்தைப் பெரியவர் கையில் விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டினாள். மறுவாரமே அவர் ஆள்விட்டு உழுதார். கிணற்றுத் தண்ணீர் முழுக்க இப்போது அவர் ஒருவருக்குத்தான். ஆடியில் அந்த நிலத்தில் அவரைக்கொடி பச்சையாக ஏறி நிற்கிறது என்று ஓசூர்ச் சந்தைக்கு வந்த வெங்கடம்மாள் சொன்னாள். "நல்ல மண்ணுமே அது. தண்ணி விட்டா அப்பிடி எடுக்குது" என்றாள்.

ஓசூர் அறையில் இருந்தது திம்மராயன் ஆசைப்பட்ட குடித்தனம். அவன் முதல் ஷிப்டுக்குப் போகும் நாட்களில் களி கிண்ட நேரமிராது. கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் கரைத்துக் கொடுப்பாள். மதியம் வரைக்கும் அதுதான் தாங்க வேண்டும். சின்னராஜ் அடுத்த அறைக்கு மாறிப் போயிருந்தான். காலையில் கூழுக்கு மட்டும் வந்து உட்காருவான்.

அவனுக்கு லோட்டாவில் ஊற்றிக் கொடுத்தாள். புருஷனுக்கு நெட்டை டம்ளரில் ஊற்றி வைத்தாள்.

"என்ன மதினி, தெனமும் அண்ணாச்சிக்கு மட்டும் ஒசர டம்ளரு?"

"அகலம் பாதின்னா என்ன தம்பி? ஒசரம் ரெட்டிப்பா இருக்குதில்ல. ரெண்டும் சமம்தான். வேணும்னா உங்க அண்ணாச்சியையே கேளு, படிச்சவரு."

சின்னராஜ் சிரிக்க வாயெடுத்தான். பிறகு திம்மராயன் முகத்தைப் பார்த்துவிட்டு லோட்டாவுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

திம்மராயன் டம்ளரை அண்ணாந்து காலி செய்தான். அடியில் ஒட்டியிருந்ததையும் தட்டிக் குடித்தான். தூரத்தில் கம்பெனிச் சங்கு ஊதிற்று. முனிலட்சுமி கரண்டியைச் சட்டிக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கேட்டால் ஊற்றுவதற்குக் கூழ் இருந்தது.

அவன் கேட்கவில்லை.